புது கேம் திணறினால் குற்றம் உங்கள் லேப்டாப் மீதா?

திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில், டெக்னோபார்க்கைச் சுற்றியுள்ள விடுதிகளிலும் வாடகை வீடுகளிலும் குமரி, நெல்லை மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர்கள் ஏராளம். அவர்களில் கேம் ஆடுகிறவர்களிடம் இருப்பது பெரும்பாலும் மாதத் தவணையில் வாங்கிய நடுத்தர கேமிங் லேப்டாப். வருடக்கணக்கில் காத்திருந்த பெரிய கேம் ஒன்று வெளியாகிறது. நாலாயிரம், ஐயாயிரம் கொடுத்து வாங்கி, நூறு ஜிபியை இரவெல்லாம் இறக்கி, மறுநாள் திறந்தால் ஓடிக்கொண்டிருக்கும் திரை நடுநடுவே உறைந்து நிற்கிறது. முதல் சந்தேகம் நெட் மீது விழுகிறது. அடுத்தது லேப்டாப் மீது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் ரேம் கூட்டி வருகிறவர்களும் உண்டு. ஆனால், தனியாக ஆடும் கேமில் இந்த உறைதலுக்கும் நெட்டுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. லேப்டாப்பின் பங்கும் பல நேரங்களில் சிறியதுதான். கோளாறு கேமோடு சேர்ந்தே வந்து இறங்குகிறது.

இது புதிய கதை இல்லை. 2015 ஜூனில் 'பேட்மேன்: ஆர்க்கம் நைட்' கேமின் கணினிப் பதிப்பு வெளியாகி இரண்டு மூன்று நாள்களிலேயே, அதைச் சரிசெய்யும்வரை விற்பனையை நிறுத்திவைக்க வேண்டி வந்தது. மீண்டும் விற்பனைக்கு வர அக்டோபர் கடைசி ஆயிற்று. 2020 டிசம்பர் 10 அன்று போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் மூன்று முறை தள்ளிப்போட்ட 'சைபர்பங்க் 2077'-ஐ வெளியிட்டது. பிளேஸ்டேஷன் 4-இல் அது சில இடங்களில் நொடிக்கு 20 படங்களுக்கும் கீழே போனது. ஒரு வாரம் கடந்ததும் சோனி அதைத் தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. ஆறு மாதம் கழித்து, 2021 ஜூன் 21 அன்றுதான் அந்த கேம் அங்கே திரும்ப வந்தது. வெளியீட்டுக்கு முன் விமர்சகர்கள் கைக்குப் போனது கணினிப் பதிப்பு மட்டுமே. பழைய கன்சோல்களில் அது எப்படி ஓடுகிறது என்று வாங்குகிறவருக்குச் சொல்ல அன்றைக்கு ஆளே இல்லை. என் பார்வையில், திணறலைவிடப் பெரிய தவறு அந்த மறைப்புதான்.

உறைதல் என்றால் உள்ளே என்ன நடக்கிறது? திரையில் ஓடுவது அசையாப் படங்களின் வரிசை. நொடிக்கு 60 படம் என்றால் ஒவ்வொரு படத்தையும் வரைய 16.6 மில்லி நொடிதான் அவகாசம். ஒரே ஒரு படம் 100 மில்லி நொடி எடுத்துக்கொண்டது என்று வையுங்கள். மீதி 900 மில்லி நொடியில் 54 படங்கள் வந்துவிடும். மூலையில் உள்ள எஃப்.பி.எஸ். எண் 55 என்று காட்டும். பார்ப்பதற்கு நல்ல எண். ஆனால், அந்த ஒரு படத்தின்போது கண் ஒரு வெட்டை உணர்ந்திருக்கும். சண்டை நடந்துகொண்டிருந்தால் ஓர் அடியும் வாங்கியிருப்பீர்கள். சராசரியைப் பார்த்து ஒரு கேமை எடை போடக்கூடாது. படங்கள் சம இடைவெளியில் வருகின்றனவா என்பதே கேள்வி. விமர்சனங்களில் '1 சதவீத லோ' என்று ஒரு கணக்கு போடுவார்கள். மிக மெதுவாக வந்த ஒரு சதவீதப் படங்களின் வேகம் அது. வாங்குமுன் தேடிப் பார்க்க வேண்டிய எண் அதுதான்.

அந்த ஒரு படம் ஏன் தாமதமாகிறது? கணினிகளில் இதற்கு முதல் குற்றவாளி ஷேடர். ஒரு சுவரில் வெயில் எப்படி விழ வேண்டும், தண்ணீர் எப்படி மின்ன வேண்டும், வெடிப்பில் புகை எப்படிச் சுருள வேண்டும் என்று கிராபிக்ஸ் கார்டுக்குச் சொல்லும் சிறு நிரல்கள் இவை. ஒரு பெரிய கேமில் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றையும் அந்தந்த கார்டுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்ற வேண்டும். கம்பைல் செய்வது என்று சொல்வது இதைத்தான். பிளேஸ்டேஷன் 5 எல்லாம் ஒரே அச்சு என்பதால், அதற்கு முன்கூட்டியே மாற்றி கேமோடு அனுப்பிவிடலாம். கணினிக்குக் கணினி கார்டு வேறு, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் வேறு. ஆகவே இந்த வேலை வாங்கியவர் வீட்டில்தான் நடந்தாக வேண்டும். ஆடத் தொடங்குமுன் மொத்தத்தையும் முடித்துவிட்டால் தொல்லை இல்லை. பல கேம்கள் அதைச் சரியாகச் செய்யாமல், ஒரு வெடிப்பு முதன்முதலாகத் திரைக்கு வரும் அந்த நொடியில் அதன் ஷேடரை மாற்றத் தொடங்குகின்றன. பந்தியில் ஆளை உட்கார வைத்துவிட்டுக் காய் நறுக்கத் தொடங்குவதுபோல. அதுவரை படம் நிற்கும்.

கேமுக்கும் கார்டுக்கும் நடுவே நிற்கும் விண்டோஸ் மென்பொருளான டைரக்ட்எக்ஸின் பழைய 11-ஆம் பதிப்புக் காலத்தில் இந்தச் சுமையில் பெரும்பங்கை கார்டு நிறுவனத்தின் டிரைவர் மறைவாக ஏற்றுக்கொண்டது. 2015-இல் விண்டோஸ் 10-உடன் வந்த டைரக்ட்எக்ஸ் 12, கூடுதல் வேகத்தைத் தந்து பொறுப்பை கேம் உருவாக்குகிறவர் தலையில் வைத்தது. எந்தெந்த ஷேடர் தேவைப்படும் என்று அவர்களே முன்கூட்டிப் பட்டியலிட வேண்டும். அதற்கு கேமின் ஒவ்வொரு மூலையையும் ஆடிப் பார்க்கும் ஆளும் நாளும் வேண்டும். வெளியீட்டுத் தேதி நெருங்கும்போது குறைவது அந்த இரண்டும்தான்.

இதைத் தீர்க்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2022-இல் 'எல்டன் ரிங்' கணினிகளில் வெட்டி வெட்டி ஓடியபோது, வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் என்ற சிறு கையடக்கக் கருவியில் சீராக ஓடியது. எல்லா டெக்கிலும் ஒரே கார்டு என்பதால் மாற்றி முடித்த ஷேடர்களை வால்வே அனுப்பிவைத்தது அதற்கு ஒரு காரணம். 2025 அக்டோபரில் எக்ஸ்பாக்ஸ் பெயரில் வந்த கையடக்கக் கருவியில் மைக்ரோசாஃப்டும் இதே வழியைத் தொடங்கியது. நம் லேப்டாப்புகளுக்கும் இது பரவலாக வர வேண்டும்.

எல்லாத் திணறலும் ஷேடரால் வருவதில்லை. 2024 மார்ச்சில் கேப்காம் வெளியிட்ட 'டிராகன்ஸ் டாக்மா 2'-இல் ஊருக்குள் நுழைந்தாலே வேகம் சரிந்தது. அங்கே நடமாடும் ஒவ்வொரு ஆளுக்கும் பிராசஸர் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டியிருந்தது. ஊர்க்காரர்களைக் கொன்று குவித்தால் வேகம் கூடுகிறதா என்று சிலர் சோதித்தார்கள், கூடியது. இப்படிப்பட்ட கேமில் கிராபிக்ஸ் அமைப்புகளை எவ்வளவு குறைத்தாலும் பெரிய பலன் இராது. திருட்டுப் பிரதியைத் தடுக்கும் பூட்டும் காரணமாகலாம். 2021-இல் 'ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்'-இன் பூட்டு உடைத்த பிரதி, காசு கொடுத்து வாங்கியதைவிடச் சீராக ஓடியது; ஜூலையில் கேப்காம் பேட்ச் விட்டுச் சரிசெய்தது. நேர்மையாக வாங்கியவர் மோசமான சரக்கைப் பெற்றார் என்பது எனக்கு இன்னும் ஆறாத விஷயம்.

2025 பிப்ரவரி 28 அன்று வந்த 'மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ்' மூன்று நாளில் 80 லட்சம் பிரதி விற்றது. கணினிப் பதிப்பின் வேகம் பற்றிய புகார்களும் அதே வேகத்தில் குவிந்தன. அதன் அதிகாரபூர்வப் பரிந்துரை அட்டவணையைப் பார்த்தால் காரணம் தெரியும். 1080பி தெளிவில் நொடிக்கு 60 படம் என்று அது சொன்ன கணக்கே, ஃப்ரேம் ஜெனரேஷனை இயக்கிய பிறகு வரும் கணக்கு. கார்டு உண்மையாக வரைந்த இரண்டு படங்களுக்கு நடுவே ஊகித்து ஒரு படத்தைச் செருகும் உத்தி இது. கண்ணுக்கு 60 ஆகத் தெரியும். பொத்தானை அழுத்தியபின் கை உணரும் வேகம் பழைய 30 ஆகவே இருக்கும். ஏற்கெனவே 60-இல் ஓடும் கேமை இன்னும் வழவழப்பாக்க வந்த உத்தியை, அந்த 60-ஐ எட்டவே ஊன்றுகோலாக்குவது சரியில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 'பார்டர்லேண்ட்ஸ் 4', அமைப்புகளை மாற்றினால் ஷேடர்கள் பின்னணியில் தயாராகும்வரை கால் மணி நேரம் தொடர்ந்து ஆடிவிட்டு வேகத்தைப் பாருங்கள் என்று வாங்கியவர்களுக்குச் சொன்னது.

'பார்டர்லேண்ட்ஸ் 4', கேம் கட்டும் மென்பொருளான அன்ரியல் எஞ்சின் 5-இல் உருவானது. இதே எஞ்சினில் வந்த பல கேம்கள் மீது இதே புகார் உண்டு. எஞ்சினை உருவாக்கிய எபிக் நிறுவனத்தின் டிம் ஸ்வீனி 2025 ஆகஸ்டில் சொன்ன விளக்கம்: உயர்தரக் கணினியை மனத்தில் வைத்து முதலில் கட்டிவிட்டு, வேகப்படுத்துவதையும் வலு குறைந்த கணினியில் சோதிப்பதையும் கடைசிக்கு வைக்கிறார்கள். எஞ்சின் விற்பவர் தன் பொருளைக் காப்பாற்றிப் பேசுவார் என்று தள்ளுபடி செய்தாலும், மீதமுள்ளது உண்மை. வால்வின் இணையக் கடையான ஸ்டீம் மாதந்தோறும் வெளியிடும் கணக்கெடுப்பில் முன்வரிசையில் நிற்பவை 3060, 4060 போன்ற நடுத்தர கார்டுகள். 4060-இன் லேப்டாப் வகையும் அதில் உண்டு. யாரிடம் என்ன இருக்கிறது என்பது வெளியீட்டாளர்களுக்குத் தெரியாத ரகசியம் இல்லை. தெரிந்தும் 2023 ஏப்ரலில் 'ஸ்டார் வார்ஸ் ஜெடை: சர்வைவர்' திணறியபோது இஏ நிறுவனம் சொன்ன காரணங்களில், வலு குறைந்த பிராசஸரோடு உயர்தர கார்டைச் சேர்த்திருப்பதும் ஒன்றாக இருந்தது. சிக்கலை வாங்கியவர் மேசைக்கே திருப்பி அனுப்பும் பேச்சு இது.

திருவனந்தபுரத்தில் வாங்கியவர் பங்குக்கு ஒரு சிக்கல் உண்மையிலேயே உண்டு: சூடு. கோடையில் பிற்பகல் வெப்பம் 33 டிகிரியைத் தொடும், காற்றில் ஈரம் வேறு. ஏசி இல்லாத அறையில், மெத்தை மேல் வைத்த லேப்டாப் கீழிருந்து காற்றை இழுக்க முடியாமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இன்னொன்றும் உண்டு. 4060 என்று எழுதியிருந்தாலும், லேப்டாப்பைப் பொறுத்து அந்த கார்டு 35 வாட்டிலும் ஓடலாம், 115 வாட்டிலும் ஓடலாம். கடையில் இந்த எண்ணைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. சார்ஜரைக் கழற்றினால் அதுவும் குறைந்துவிடும்.

யார் மீது பழி என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரே சண்டையை இரண்டு முறை ஆடுங்கள். முதல் முறை வெட்டி, இரண்டாம் முறை சீராக இருந்தால் ஷேடர். எத்தனை முறை போனாலும் அதே கதவருகே நின்றால், அடுத்த பகுதியை ஏற்றும் வேலையை கேம் சரியாகப் பிரித்துச் செய்யவில்லை. தெளிவை ஒரு படி குறைத்தும் வேகம் அசையவில்லை என்றால் பிராசஸர் மூச்சு வாங்குகிறது. சுவர்களும் துணிகளும் மங்கிக் குழம்பினால் கார்டின் 8 ஜிபி நினைவகம் போதவில்லை. டெக்ஸ்சர் அமைப்பை மட்டும் குறைத்தால் போதும். முதல் இருபது நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு மெல்ல மெல்லத் தளர்ந்தால் மட்டும் ஃபேனைச் சுத்தம் செய்யக் கடைக்குப் போங்கள்.

இந்தச் சோதனையை ஆட்டத்தின் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. ஸ்டீமில் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் காரணம் கேட்காமல் பணத்தைத் திருப்பித் தருவார்கள். கேமைத் திறந்து ஷேடர் தயாராகக் காத்திருக்கும் நேரமும் அந்த இரண்டு மணியில் கழியும். 2023 மார்ச்சில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1' கணினிக்கு வந்தபோது சிலருக்கு அந்தக் காத்திருப்பே ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. அவர்கள் ஆடிப் பார்ப்பதற்குள் அவகாசம் கரைந்துபோனது. இந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று கேட்க வாங்குகிறவருக்கு முழு நியாயம் உண்டு.

கடை கைவிரித்தால் இங்கே சட்டம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மின்வணிகம் என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே டிஜிட்டல் பொருள்களைச் சேர்த்திருக்கிறது. விற்றவர் எந்த நாட்டில் இருந்தாலும், புகார்தாரர் தான் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். கழக்கூட்டத்தில் தங்கியிருப்பவருக்கு அது திருவனந்தபுரம். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதியலாம். கேமின் விலை, எந்தக் கணினி, எந்த இடத்தில் நின்றது என்பதற்கான காணொளி, நிறுவனமே வெளியிட்ட பரிந்துரை அட்டவணையின் படம் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட விலைக்கு மாவட்ட ஆணையத்தில் மனுக் கட்டணம் கிடையாது.