செவிலி ஊட்டும் நோய்

தேனீக் கூட்டை உழைப்புக்கும் ஒற்றுமைக்கும் உவமையாக எடுத்தாண்டோர் மிகப் பலர். அக்கூட்டினுள்ளே சாவு எவ்வழி நுழைகின்றது என நோக்கினோர் சிலரே.

1991, 1992 ஆம் ஆண்டுகளிற் கேரளத்திலும், அதனை அடுத்த குமரி மாவட்டத்திலும் தேனீ வளர்ப்போர் கண்ட காட்சி கொடிது. மார்த்தாண்டத்தைச் சூழ்ந்த சிற்றூர்களில் இரப்பர்த் தோட்டங்களை நம்பித் தேன்பெட்டி வைத்துப் பிழைக்கும் எளிய குடிகள் பல. (இரப்பர் மரத்திலே தேனீ தேடும் தேன் பெரிதும் பூவில் அன்று, இளந்தளிரின் காம்பிலே சுரப்பதாகும்.) அவர்தம் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாய் வெறுமையாயின. தென்னிந்தியாவில் வளர்ப்பிலிருந்த அடுக்குத் தேனீக் கூட்டங்களுள் நூற்றுக்கு 90 வரை அழிந்தன என்பர். நம் ஈழத்து மரப்பொந்துகளில் வாழ்வதும் அவ்வினத் தேனீயே.

இந்நோயை ஆங்கிலேயர் 'சாக்புரூட்' என அழைப்பர். பைப்புழு நோய் என நாம் வழங்கலாம், பொருளும் பொருந்தும். நோயுற்ற குடம்பி கூட்டுப்புழுவாக மாறும் ஆற்றலை இழக்கின்றது. உரிய வேளையிற் கழலாத பழந்தோலுக்கும் உடலுக்கும் இடையே நீர் கோக்கின்றது. இடுக்கியால் எடுத்தால் நீர் நிறைந்த சிறுபையென வரும். பின்னர்க் கருகி உலர்ந்து, தலை நிமிர்ந்த சிறு தோணி போல அறையின் அடியிற் கிடக்கும்.

நுண்ணிய வடிகட்டியையும் கடந்து செல்லும் ஒரு பொருளே இதற்குக் காரணம் என அமெரிக்கரான வைற் என்பார் 1913 இற் காட்டினார். அது வைரசே என்பதை இங்கிலாந்திற் பெயிலியும் அவர் கூட்டாளரும் 1964 இல் நிறுவினர். ஐரோப்பியத் தேனீயிடத்து இது பெரும்பாலும் தானே தணியும் நோய். அடுக்குத் தேனீயையோ இதன் பிறிதொரு வகை வேரோடு சாய்க்கின்றது. அவ்வகை 1976 இல் தாய்லாந்தில் அறியப்பட்டது.

பரவும் வழியே நெஞ்சை உறுத்துவது. இறந்த குடம்பியை அகற்றித் தூய்மை செய்பவை இளந்தேனீக்கள். அவையே செவிலியருமாம். அகற்றும்போது தோல் கிழிந்து நஞ்சுநீர் அவற்றின் வாயிற்படும். வைரசு தலையிலுள்ள பாற்சுரப்பியிற் சென்று பெருகும். அடுத்த குழந்தைக்கு அன்போடு ஊட்டும் உணவிலேயே அது கலந்துவிடுகின்றது. செவிலியோ புறத்தே நோயின் குறி யாதும் இன்றித் திரியும்.

ஆயினும் இயற்கை ஒரு தடையும் வைத்துளது. நோய்பட்ட செவிலி மகரந்தம் உண்பதைக் கைவிடும். ஊட்டுந் தொழிலை நீத்து, உரிய பருவத்துக்கு முன்னரே வெளியே இரைதேடப் புறப்படும். அதன் ஆயுளும் குறுகும். தொட்டிலை விட்டு அது விலகுவதால் நோயின் வேகம் தணிகின்றது. முட்டையிடல் மிக்க காலத்தில், செவிலியர் தொகை குறைந்த கூட்டில், இத்தடை போதாது.

இவ்வைரசைக் கொல்லும் மருந்து வளர்ப்போர் கைக்கு இன்னும் வரவில்லை. இராணியைச் சில நாள் சிறையிட்டு முட்டையிடலை நிறுத்துவர். பழுதுற்ற அடைகளை எரிப்பர். ஒரு பெட்டியின் அடையை மற்றொன்றில் வையார். அழிவுக்குப் பின்னர்ச் சிலர் ஐரோப்பியத் தேனீயை வருவித்தனர். ஏனையோர், அழியாது எஞ்சிய கூட்டங்களைத் தேடிப் பிரித்துப் பெருக்கினர். மார்த்தாண்டத்து இரப்பர் மர நிழலிற் பின்னாளில் மீண்டும் நிரம்பிய பெட்டிகள் பல, அவ்வாறு எஞ்சியவற்றின் வழிவந்தவை.