விசைப்பலகையின் முன் இருந்தவர் யார்?

அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சி 1974 பிப்ரவரி 10 அன்று ஒளிபரப்பிய ‘கொலம்போ’ துப்பறியும் தொடரின் அத்தியாயம் ஒன்றில், செயற்கை நுண்ணறிவு கொண்ட ரோபோ ஒன்று முக்கியப் பாத்திரமாக வருகிறது. ‘மைண்ட் ஓவர் மேஹெம்’ என்னும் அந்த அத்தியாயத்தில் ரோபோ யாரையும் கொல்வதில்லை, தன்னைப் படைத்தவர்களை எதிர்த்துக் கிளம்புவதுமில்லை. கொலை நடந்த நேரத்தில் கொலையாளி தம் அலுவலகத்தில் பணியில் இருந்தார் என்று பிறரை நம்பவைப்பதே அதற்கு இடப்பட்ட வேலை. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய அந்த ரோபோவின் தோற்றம் இன்று சிரிப்பை வரவழைத்தாலும், அக்கதை எழுப்பும் கேள்வி இன்றைய கணினி உலகத்துக்கே கூடுதலாகப் பொருந்துகிறது.

கொலம்போ தொடரில் கொலையாளி யார் என்பது பார்வையாளருக்குத் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். பீட்டர் ஃபால்க் ஏற்று நடித்த லெப்டினன்ட் கொலம்போ அதை எவ்வாறு கண்டறிகிறார் என்பதே கதை. இந்த அத்தியாயத்தின் கொலையாளியான டாக்டர் கேஹில், சைபர்நெட்டிக்ஸ் ஆய்வு நிறுவனம் ஒன்றின் இயக்குநர். விலங்குகளிலும் எந்திரங்களிலும் தகவலும் கட்டுப்பாடும் எவ்வாறு இயங்குகின்றன என்பதை ஆராயும் துறையே சைபர்நெட்டிக்ஸ். நார்பர்ட் வீனர் 1948இல் வெளியிட்ட நூலால் அப்பெயர் பரவியது. இறந்துபோன ஓர் அறிவியலாளரின் கோட்பாட்டைத் தம் மகன் தனதென்று காட்டிக்கொண்டதை மூத்த அறிஞர் ஒருவர் அம்பலப்படுத்தவிருப்பதை அறிந்த கேஹில், அவரைக் காரால் மோதிக் கொல்கிறார். கேஹில் வெளியே சென்ற அந்த இடைவெளியில், போர்ச்சூழலைக் கணினியில் நடத்திப் பார்க்கும் பாவனைப் போரை அவருக்குப் பதிலாக எம்எம்7 என்னும் ரோபோ இயக்கிக்கொண்டிருக்கிறது. அந்த ரோபோவோடு பழகும் சிறுவயது மேதைக்கு ஸ்டீவன் ஸ்பெல்பெர்க் என்று பெயர். இதே தொடரின் அத்தியாயம் ஒன்றை 1971இல் இயக்கிய ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கை அப்பெயர் நினைவூட்டுகிறது.

திரையில் எளிது, ஆய்வகத்தில் கடினம்

எம்எம்7ஆகத் தோன்றியது, 1956இல் வெளிவந்த ‘ஃபர்பிடன் பிளானெட்’ திரைப்படத்துக்காக உருவாக்கப்பட்ட ‘ராபி’ என்னும் ரோபோ உடை. உள்ளே மனிதர் ஒருவர் நின்று இயக்க வேண்டிய உடை அது. செயற்கை நுண்ணறிவு என்னும் துறைக்குத் தொடக்கமாகக் கருதப்படும் டார்ட்மத் கல்லூரிக் கோடைக்காலக் கூட்டமும் அதே 1956இல்தான் நடைபெற்றது.

அத்தியாயம் ஒளிபரப்பான காலத்தில் மெய்யான ரோபோக்கள் எந்த நிலையில் இருந்தன என்பதற்கு, கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனம் 1966க்கும் 1972க்கும் இடையில் உருவாக்கிய ‘ஷேக்கி’ நல்ல சான்று. சக்கரங்களும் தொலைக்காட்சிக் கேமராவும் பொருத்தப்பட்ட அந்த எந்திரம், வானொலி அலைகள் வழியே பெரிய கணினி ஒன்றோடு தொடர்புகொண்டு, சீரான வடிவுடைய கட்டைகளும் சுவர்களும் மட்டுமே இருந்த அறைகளில் மெதுவாக நகர்ந்து, தன் வழியைத் தானே திட்டமிட்டது. அந்த ஆய்வின்போது 1968இல் பிறந்த ‘ஏ ஸ்டார்’ என்னும் வழித்தேடல் முறை, கணினி விளையாட்டுகள் முதலிய பலவற்றில் இன்றும் பயன்படுகிறது.

ஆகவே, கதையில் எளிதாகக் காட்டப்படும் செயலே அன்றைய அறிவியலுக்கு அரியதாக இருந்தது. பாவனைப் போரின் கணக்குகளைப் போடுவது அக்காலக் கணினிக்கு இயலும் காரியம்; ஒரு ரோபோ மேசையருகே நடந்துவந்து, உரிய பொத்தானைக் கண்ணால் அடையாளம் கண்டு அழுத்துவதுதான் கடினம். மனிதர் முயன்று கற்கும் கணக்கும் சதுரங்கமும் எந்திரத்துக்கு எளிதாகவும், குழந்தை இயல்பாகச் செய்யும் பார்வையும் நடையும் எந்திரத்துக்கு அரிதாகவும் அமையும் இந்த முரணை, ரோபோ ஆய்வாளர் ஹான்ஸ் மொராவெக் 1980களில் விளக்கியதால் அது ‘மொராவெக் முரண்’ எனப்படுகிறது. மேலும், உரிய கட்டளைகளை உரிய நேரத்தில் தானே தரும் நிரல் ஒன்றைக் கேஹில் எழுதியிருந்தால், அவருக்கு ரோபோவே தேவைப்பட்டிருக்காது.

குறுகிய வழியில் வரும் சான்று

கேஹிலின் திட்டம் ஓர் ஊகத்தின் மீது நிற்கிறது: கணினிக்குக் கட்டளைகள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால், கட்டளையிடுபவரும் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று பிறர் முடிவுசெய்வார்கள். ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1950இல் முன்வைத்த சோதனையின் அடிப்படையும் இதை ஒத்ததே. முகமும் குரலும் தெரியாமல், தட்டச்சு செய்த விடைகளை மட்டும் கொண்டு, மறுபுறம் இருப்பது மனிதரா எந்திரமா என்று பிரித்தறிய முடியுமா என்பது அவர் எழுப்பிய வினா. தொடர்புவழி குறுகக் குறுக, போலியை மெய்யாகக் காட்டுவது எளிதாகிறது. பொத்தான் அழுத்தங்கள் மட்டுமே செல்லும் வழியில், பொருளறியாமல் ஆணையை நிறைவேற்றும் எந்திரமே ஓர் இயக்குநருக்கு ஈடாகிவிடுகிறது.

இதற்கு மாறாக, கொலம்போ நாடுவது குறுகிய வழியில் வராத தடயங்களை. கொலையுண்டவரின் வீட்டில் கிடைத்த தீக்குச்சி நெடுநேரம் எரிந்திருப்பதைக் கண்டு, அதைப் பற்றவைத்தவர் சுருட்டுப் பிடிப்பவராக இருக்கலாம் என்று அவர் உய்த்துணர்கிறார். ஓர் அறையில் உள்ள எண்ணற்ற விவரங்களில் எது கவனிக்கத்தக்கது என்று தேர்வதே அன்றைய எந்திரங்களுக்கு எட்டாத திறன். எந்திரம் ஆராய வேண்டிய வாய்ப்புகள் கட்டுக்கடங்காமல் பெருகிவிடுகின்றன என்பதை முதன்மையான குறையாகச் சுட்டி, கணிதவியலாளர் ஜேம்ஸ் லைட்ஹில் 1973இல் அளித்த அறிக்கைக்குப் பின், பிரிட்டனில் இத்துறைக்கான நிதி பெரிதும் குறைந்தது.

இன்றைய பொருத்தம்

கணினிகளில் யார் எப்போது நுழைந்தார், என்ன செய்தார் என்பதைக் காட்டும் பதிவேடுகள் இன்று குற்றவழக்குகளில் சான்றுகளாக முன்வைக்கப்படுகின்றன. ஆனால் அவை ஒரு கணக்கு இயங்கியதைத்தான் காட்டும். கணக்குக்குரியவரே இயக்கினார் என்பதற்கு வேறு சான்று வேண்டும். ஒருவர் விசைகளை அழுத்தும் கால இடைவெளிகள் அவருக்கே உரிய ஒழுங்கில் அமைவதால், அவற்றைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் முறைகள் ஆராயப்பட்டு வருகின்றன. எனினும், இடைவெளிகளை வேண்டுமென்றே மாற்றியமைக்கும் நிரலையும் எழுத முடியும் என்பதால், இம்முறையும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. மனிதரைப் போலக் கடிதமும் உரையாடலும் எழுதும் மொழி மாதிரிகளும், குரலைப் போலிசெய்யும் மென்பொருள்களும் வந்துவிட்ட நிலையில், கேஹிலுக்குத் தேவைப்பட்ட ரோபோ இன்று எவர் கைக்கும் எட்டும் மென்பொருளாகிவிட்டது.

பொறுப்பு யாருடையது என்னும் வினாவுக்கு அந்த அத்தியாயத்தில் குழப்பம் ஏதுமில்லை. கொலம்போ கேஹிலின் மகனைக் கைதுசெய்து தந்தையை நெருக்க, மகனைக் காக்கும் பொருட்டு அவர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்; எம்எம்7ஐ எவரும் குற்றவாளியாக்குவதில்லை. எந்திரத்தின் முடிவு என்றும் கணினியின் தவறு என்றும் நிறுவனங்கள் கைவிரிக்கும் இக்காலத்தில், அந்த எந்திரத்துக்கு ஆணையிட்டவர் யார், அதனால் பயனடைந்தவர் யார் என்று கேட்பதே சரியான விசாரணையாகும்.