பச்சையவுருமணியும் ஒட்சிசனும்

இலையின் ஒரு மெல்லிய துண்டினை நுணுக்குக்காட்டியிற் காண்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். பச்சை நிறம் கலமெங்கும் பரந்து கிடப்பதன்று. நிறமற்ற குழியவுருவினிடையே கிடக்கும் சிறு மணிகளில் மாத்திரமே அது அடங்கியுள்ளது. இவையே பச்சையவுருமணிகள். ஒளியின் துணையால் மாப்பொருள் ஆக்கப்படுவது இவற்றினகத்தே என்பதைக் கீழ்வகுப்பு மாணவனும் அறிவான். அஃது எவ்வாறு துணியப்பட்டது என வினவின், விடை கூறுவார் சிலரே.

1880களின் தொடக்கத்தில் எங்கெல்மான் என்னும் ஜேர்மானிய அறிஞர், குளங்களிற் படரும் பாசியினமாகிய சிபைரோகைராவை ஆராய்ந்தார். அதன் பச்சையவுருமணி சுருண்ட நாடா வடிவினது. மணியென்னும் பெயர் அதற்கு ஒவ்வாது. ஒட்சிசனை நாடிச்செல்லும் பற்றீரியாக்களை நீரிற் கலந்து, இருளில் வைத்த பாசியிழைமீது நுண்ணிய ஒளிப்புள்ளியை வீழ்த்தினார். நாடாவின்மீது ஒளி பட்டபோது பற்றீரியாக்கள் அவ்விடத்தே மொய்த்தன. நிறமற்ற குழியவுருவின்மீது பட்டபோது மொய்த்தில. ஒட்சிசன் பிறக்குமிடம் இதனால் ஐயமறத் தெளிவாயிற்று. விலையுயர்ந்த கருவிகள் செய்யவியலாததை இச்சிற்றுயிர்கள் செய்துகாட்டின எனலாம்.

அவ்வொட்சிசன் எதனின்றும் வருவது? காபனீரொட்சைட்டு பிளவுறுதலால் வருவதென்றே பலர் நெடுங்காலம் கருதினர். உட்கொள்ளப்படும் காபனீரொட்சைட்டின் கனவளவும் வெளிவரும் ஒட்சிசனின் கனவளவும் ஏறத்தாழச் சமமாதலின், அக்கருத்து இயல்பானதே. 1937இல் கேம்பிரிட்சில் றொபின் ஹில் என்பார், கலத்தினின்றும் பிரித்தெடுத்த பச்சையவுருமணிகளுக்கு இரும்புப்பொன்றை ஊட்டி ஒளியில் வைத்தார். காபனீரொட்சைட்டு தாழ்த்தப்படாமலே ஒட்சிசன் வெளிவந்தது. 1941இல் கலிபோணியாவில் ரூபன், கேமன் முதலியோர், பாரமான ஒட்சிசன் 18 செறிந்த நீரிற் குளோரெல்லா என்னும் பாசியை வைத்து ஆராய்ந்தனர். வெளிவந்த வாயுவில் அப்பாரமான ஒட்சிசனின் விகிதம் நீரிலுள்ள விகிதத்தையே ஒத்திருந்தது. எனவே பிளக்கப்படுவது நீரே.

நாம் கரும்பலகையில் எழுதும் சமன்பாட்டையும் இவ்விடத்து நோக்குதல் வேண்டும். 6 நீர் மூலக்கூறுகளில் 6 ஒட்சிசன் அணுக்களே உள. வெளிவரும் 6 ஒட்சிசன் மூலக்கூறுகளிலோ 12 அணுக்கள். ஆகவே இடப்புறத்தே 12 நீர் மூலக்கூறுகளையும் வலப்புறத்தே புதிதாய்த் தோன்றும் 6 நீர் மூலக்கூறுகளையும் எழுதுதலே தகும். இருபுறத்தும் ஆறாறு நீக்கிச் சுருக்குதல் கணக்கிற்கு ஒக்கும். தாவரத்தின் செயலை மறைத்துவிடும்.

நீரினின்றும் பெறப்பட்ட ஐதரசனே, ஒளியின் சத்தியால், காபனீரொட்சைட்டை வெல்லமாகத் தாழ்த்த உதவுகின்றது. இவ்விரு பகுதிகளும் பச்சையவுருமணியினுள்ளேயே நிறைவேற வல்லன என்பதை 1954இல் ஆணன் என்பார் பசளியினக் கீரையொன்றின் மணிகளைக் கலத்தினின்றும் பிரித்தெடுத்து நிறுவினார்.