பாடுவாசி விழுந்த தடங்கள்

மேட்டூர் அணை திறந்து, குறுவை நடவு முடிந்து, ஒரு வாரம் பத்து நாள் கழிந்தபின், திருவையாற்றுப் பக்கத்து வயல்களில், வேர் பிடியாமல் அழுகிப்போன குத்துகளின் இடத்தில், கையிலுள்ள நாற்றுமுடியிலிருந்து இரண்டிரண்டாகப் பிரித்து ஊன்றிச் செல்லும் பெண்களைக் காணலாம்; பாடுவாசி நிரப்புதல் என்பது அவ்வேலையின் பெயர். நூற்றுக்கு ஐந்து குத்து போயிற்று என்று சொன்னால் எங்கள் பக்கத்து விவசாயி அத்துடன் விடமாட்டார். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போயிற்றா, ஒரே மூலையில் திட்டாகப் போயிற்றா என்று விசாரிப்பார். இரண்டும் ஒரே நஷ்டம் அல்ல.

அணுவினும் சூக்ஷ்மமான துகள்களின் தடம் பிடிக்கும் கருவிகளிலும் விசாரணை இதுவே. தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரத்தில் உத்தேசிக்கப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்தின் பெருங்கருவிக்கு முன்மாதிரியாக, 11 இரும்பு அடுக்குகளும் அவற்றின் இடையிடையே 10 உணர்வு அடுக்குகளுமாக, 85 டன் எடையில் மதுரையில் ஒரு கருவி நிற்கிறது. ஆகாயத்திலிருந்து, உள்ளங்கை அகலத்தில் நிமிஷத்துக்கு ஏறத்தாழ நூறு வீதம் ஓயாமல் பொழியும் மியூவான் துகள்களே அதற்குப் பரீக்ஷைப் பொருள். 3 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவே 2 மில்லிமீட்டர் இடைவெளி, அதில் வாயு, குறுக்கே சுமார் 10,000 வோல்ட் மின்னழுத்தம்: இதுதான் ஆர்.பி.சி. எனப்படும் உணர்வறை. மியூவான் கடந்த இடத்தில் வாயுவினுள் எழும் மின்பாய்ச்சலை, பாவும் ஊடும்போல் மேலும் கீழும் ஓடும் பட்டைகள் அறிவிக்கின்றன.

ஆனால் தகடுகள் ஒட்டிவிடாதபடி தாங்கும் சிறு பொத்தான்கள் இருக்குமிடத்தில் வாயு ஏது? ஒரு பட்டையின் மின்னணுச் சுற்று செத்துப்போகலாம். ஒருமுறை மின்பாய்ச்சல் நிகழ்ந்த இடம், கண்ணாடியின் மின்தடை மிகுதியினால், பழைய நிலைக்குத் திரும்பச் சற்றே அவகாசம் கேட்கும். அடுக்கு ஒவ்வொன்றும் நூற்றுக்கு 95 தடவை விடையளிப்பதாகக் கொண்டாலும், பத்தும் ஒருசேர விடையளிப்பது நூற்றுக்கு 60 தடவைதான்!

ஆகையால் கணிப்பொறியில் இக்கருவியைப் பாவனை செய்பவர்கள், கற்பனைத் துகள் ஒன்று அடுக்கைக் கடக்கும் போதெல்லாம், சோழி உருட்டுவதுபோல் 0-க்கும் 1-க்கும் இடையே ஓர் எண்ணை எடுத்து, அது 0.95-ஐ மிஞ்சினால் அந்தப் பதிவை அழித்துவிடுகிறார்கள். எளிய முறைதான், எனினும் எங்கும் ஒரே 0.95-ஐ வைத்துக்கொள்வது, திட்டாகப் போன வயலைச் சிதறிப் போனதாகக் கணக்கெழுதுவதற்கு ஒப்பாகும் என்றே நான் கருதுகிறேன். கருவியின் காந்தப் புலத்தில் மியூவானின் பாதை எப்பக்கம் வளைகிறது, எவ்வளவு வளைகிறது என்பதைக் கொண்டே அதன் மின்னேற்றத்தையும் உந்தத்தையும் அனுமானிக்கிறோம். வளைவின் முக்கியமான இடத்தில் அடுத்தடுத்து இரண்டு புள்ளிகள் விடுபட்டால் அனுமானமே பிசகிவிடும்.

எனவே இடத்துக்கிடம் திறனை அளக்க வேண்டும். அதற்குள்ள உபாயம் அழகானது: ஓர் அடுக்கை வேண்டுமென்றே ஒதுக்கிவைத்து, மற்ற ஒன்பதின் சாட்சியத்தைக் கொண்டு மட்டும் பாதையை வரைந்து, ஒதுக்கிய அடுக்கில் துகள் எங்கே விழுந்திருக்கவேண்டும் என்று குறித்து, அங்கே பதிவு உண்டா என்று பார்க்கிறார்கள். லக்ஷக்கணக்கான மியூவான்களுக்கு இவ்வாறு செய்து எழுதிய படத்தில், கண்ணாடிக்குள் மறைந்திருக்கும் பொத்தான்கள், வரிசை பிசகாத வெற்றுப் புள்ளிகளாக ஒவ்வொன்றாய்த் தெரிய வருகின்றன.