நாற்காலியிலிருந்து எழும் வலிமை

நவம்பர் மாதம் பிறந்ததும் நம் கிளைகளில் ஓய்வூதியர்களின் வருகை மிகுந்துவிடும். வாழ்நாள் சான்றிதழ் அளிப்பதற்காக வருகிறார்கள். பெயர் அழைக்கப்பட்டதும் ஒருவர் இயல்பாக எழுந்து வருவார். மற்றொருவர் நாற்காலியின் கைப்பிடிகளை இரு கைகளாலும் அழுத்தி எழ முயன்று, மீண்டும் அமர்ந்து, பிறகு உடன் வந்த மகளின் தோளைப் பற்றிக்கொண்டு எழுவார். ஆவணத்தைப் பார்த்தால் இருவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்களாக இருப்பார்கள். “வயதாகிவிட்டது, வேறென்ன?” என்று நாம் கூறிவிடுகிறோம். அந்த விடை முழுமையானதன்று என்பதை அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அளந்து காட்டியிருக்கிறார்கள்.

அந்நகரின் யூத சமூகத்தினர் ஆதரவற்ற முதியோருக்காக 1903-ஆம் ஆண்டில் தொடங்கிய இல்லம் அது. காலப்போக்கில் ஹீப்ரூ மறுவாழ்வு மையம் என்னும் பெயரில் வளர்ந்து, ஹார்வர்டு மருத்துவப் பள்ளியுடன் இணைந்த ஆய்வுக்களமாகவும் ஆயிற்று. முதியோர் வாழும் இடத்திலேயே மருத்துவ ஆய்வும் நடப்பதில் ஒரு சிறப்பு உண்டு. பெரும்பாலான மருத்துவ ஆய்வுகளில் மிக முதியவர்கள் இடம்பெறுவதில்லை. அவர்களுக்கு ஒரே நேரத்தில் நான்கைந்து நோய்கள் இருக்கும். பல மருந்துகளை உட்கொள்வார்கள். கணக்கு குழம்பிவிடும் என்று விலக்கிவிடுவார்கள். அதனால் தொண்ணூறு வயதுக்காரருக்கு எது நன்மை தரும் என்ற வினாவுக்கு, ஐம்பது வயதுக்காரரிடம் கண்டறிந்ததை வைத்தே விடை கூற வேண்டியிருந்தது.

மரியா ஃபியாட்டரோன் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் இந்த இல்லத்தில் 10 பேரைத் தேர்ந்தெடுத்தனர். அவர்களுடைய வயது 86 முதல் 96 வரை. நலிந்த உடல், பலருக்கு ஊன்றுகோல் துணை. அத்தகையோரிடம் மெல்லக் கையை உயர்த்தித் தாழ்த்தச் சொல்வதுதான் அன்றைய வழக்கம். இக்குழுவினரோ தொடைத் தசைகளுக்கு எடைப் பயிற்சி அளித்தனர். ஒருவரால் ஒரே ஒரு முறை மட்டும் தூக்க முடிந்த உச்ச எடை எதுவோ, அதில் 80 விழுக்காட்டை அவர் திரும்பத் திரும்பத் தூக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள் வீதம் எட்டு வாரங்கள். முதல் வாரத்தில் சுமை குறைவாகவே இருந்தது. பின்னர் படிப்படியாக உயர்த்தினார்கள். தொண்ணூறு வயது இதயம் இதைத் தாங்குமா என்ற அச்சம் அன்று இயல்பானது.

ஒன்பது பேர் பயிற்சியை நிறைவு செய்தனர். கால்களின் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியிருந்தது. அதாவது, பத்து கிலோ தூக்கியவர் ஏறத்தாழ இருபத்தேழு கிலோ தூக்கினார். தொடைத் தசையின் பருமனோ 9 விழுக்காடுதான் கூடியிருந்தது. எனவே வலிமையின் பெரும்பகுதி புதிதாக வளர்ந்த தசையால் வந்ததாகத் தோன்றவில்லை. நெடுநாள் ஓய்ந்திருந்த தசைகளை நரம்புகள் மீண்டும் முழுமையாக இயக்கக் கற்றுக்கொண்டதே காரணமாக இருக்க வேண்டும். இருவர் ஊன்றுகோலை விட்டுவிட்டனர். கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ இயலாதிருந்த மூவரில் ஒருவர் தாமாகவே எழுந்தார். மூவரில் ஒருவர்தானா என்று கேட்கலாம். தொண்ணூறு வயதில் கழிவறைக்குச் செல்லப் பிறரை அழைக்க வேண்டுமா, வேண்டாமா என்பதை அந்த ஓர் அசைவுதான் முடிவு செய்கிறது.

1990-இல் வெளியான இந்த ஆய்வில் ஒரு குறை இருந்தது. பயிற்சி பெறாத ஒரு குழுவை அருகில் வைத்து ஒப்பிடவில்லை. நாள்தோறும் யாரோ வந்து அன்பாகப் பேசிச் சென்றதே அவர்களை எழுந்து நடக்கச் செய்திருக்கலாமே! அந்த ஐயத்தையும் தீர்த்துக்கொள்ள விரும்பிய அதே குழுவினர், அதே இல்லத்தில் 100 பேரைக் கொண்டு மற்றோர் ஆய்வை நடத்தி 1994-இல் வெளியிட்டனர். சராசரி வயது 87. கடுமையான மறதிநோய், அண்மையில் மாரடைப்பு, நிலைகொள்ளாத நோய்கள் உள்ளோரைச் சேர்க்கவில்லை. ஏனையோரைக் குலுக்கல் முறையில் நான்கு பிரிவுகளாகப் பிரித்தனர். ஒரு பிரிவுக்குப் பயிற்சி, ஒன்றுக்கு 360 கலோரி கொண்ட சத்துபானம், ஒன்றுக்கு இரண்டும், ஒன்றுக்கு இரண்டுமில்லை. பானம் பெறாதவர்களுக்கும் சத்து ஏறக்குறைய அற்ற ஒரு பானம் கொடுக்கப்பட்டது. பயிற்சியில் சேராதவர்கள் விளையாட்டு, கைவினை, இசை எனத் தாங்கள் விரும்பிய பொழுதுபோக்குகளில் ஈடுபட்டனர். ஆகவே அன்பும் கவனிப்பும் எல்லாருக்கும் கிடைத்தன.

பத்து வாரங்களுக்குப் பின் பயிற்சி பெற்றோரின் வலிமை 113 விழுக்காடு கூடியது. பெறாதோருக்கு 3 விழுக்காடுதான். பயிற்சி பெற்றோரின் நடைவேகம் ஏறத்தாழ 12 விழுக்காடு உயர்ந்தது; மற்றவர்களுக்குச் சற்றே குறைந்தது. படியேறும் ஆற்றலும் 28 விழுக்காடு மிகுந்தது. நூற்றுக்கு 94 பேர் ஆய்வை இறுதிவரை நிறைவு செய்தனர் என்பது, முதியவர்களுக்குப் பொறுமை இராது என்று எண்ணுவோர் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி.

சத்துபானத்தின் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பானம் மட்டும் பெற்றவர்களின் வலிமையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அது மட்டுமன்று; ஒரு நாளில் அவர்கள் உட்கொண்ட மொத்தக் கலோரியும் பெரிதாகக் கூடவில்லை. பானம் வயிற்றை நிரப்பியதால் வழக்கமான உணவைக் குறைத்துக்கொண்டார்கள். பயிற்சியோடு பானமும் பெற்றவர்களுக்கு மட்டுமே மொத்த உணவின் அளவு உயர்ந்தது. உடல் உழைத்த பிறகே பசி எடுத்தது! தாத்தாவின் தளர்ச்சிக்குச் சத்துமாவு டப்பா ஒன்றை வாங்கி வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்றிருக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்த டப்பாவின் விலை சில மாதங்களில் எவ்வளவாகிறது என்று கணக்குப் பார்ப்பவர்கள் குறைவு.

முதியோர் இல்லங்களில் நடந்த ஆய்வுகள் எல்லாம் மகிழ்ச்சியான முடிவையே தந்துவிடவில்லை. கீழே விழுந்தால் இடுப்பெலும்பு முறியாதிருக்க உள்ளாடையில் பஞ்சணை போன்ற காப்பு அணியும் முறை ஒன்று உண்டு. பாஸ்டன் இல்லத்தைச் சேர்ந்த டக்ளஸ் கீல் தலைமையில் 37 பராமரிப்பு இல்லங்களில் 1,042 பேரிடம் அதைச் சோதித்து, 2007-இல் முடிவை வெளியிட்டனர். ஒவ்வொருவரும் ஒரு பக்க இடுப்பில் மட்டும் காப்பை அணிந்தனர், மறுபக்கமே ஒப்பீடு. காப்பு இருந்த பக்கத்தில் 3.1 விழுக்காடு, இல்லாத பக்கத்தில் 2.5 விழுக்காடு என எலும்பு முறிவுகள் நிகழ்ந்தன. பயனில்லை என்று கண்டு இருபதாம் மாதத்திலேயே நிறுத்திவிட்டார்கள். நல்லது என்று நம்பிய ஒன்று நல்லதன்று எனத் தெரிந்துகொள்வதும் ஆய்வின் பயனே. பணமும் நம்பிக்கையும் வீணாகாமல் காக்கப்பட்டன அல்லவா?

நம் நாட்டில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே அறுபது வயதைக் கடந்தோர் பத்துக் கோடிக்கு மேல். அவர்களுள் பெரும்பாலோர் குடும்பத்தோடு வாழ்கிறார்கள். அங்கே அன்பு ஒரு விசித்திர வடிவம் எடுப்பதை நாம் காண்கிறோம். “நீங்கள் உட்காருங்கள் அப்பா, நான் எடுத்து வருகிறேன்” என்று தண்ணீர்க் குவளை முதல் செய்தித்தாள் வரை கைக்கே வந்துவிடுகிறது. மாடிப்படி மறுக்கப்படுகிறது. கடைக்குச் செல்வது நின்றுபோகிறது. மரியாதை என்ற பெயரில் கால்களுக்கு இருந்த வேலை ஒவ்வொன்றாகப் பறிபோகிறது. முதல் ஆய்வின் இறுதியில் எழுவர் பயிற்சியை விட்டுப் பழையபடி உட்கார்ந்த வாழ்க்கைக்குத் திரும்பினர். நான்கே வாரங்களில் அவர்களுடைய உச்ச வலிமையில் 32 விழுக்காடு குறைந்துபோனது.

எடை தூக்கும் கருவிகள் எல்லார் வீட்டிலும் இரா. மருத்துவரிடம் இதயம், இரத்த அழுத்தம், மூட்டு ஆகியவற்றைக் காட்டி, அவர் இசைவு தந்த பின், நாற்காலியிலிருந்தே தொடங்கலாம். சுவரை ஒட்டிப் போட்ட உறுதியான நாற்காலியில் அமர்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, முழுமையாக எழுந்து அமர வேண்டும். முப்பது நொடிகளில் எத்தனை முறை என்று எண்ணுவது முதியோர் மருத்துவத்தில் பரவலாக உள்ள ஒரு சோதனை. அமெரிக்க அளவுகோலின்படி 75 முதல் 79 வயதுள்ள ஆண் 11 முறைக்கும், பெண் 10 முறைக்கும் குறைவாக எழுந்தால் கால்வலிமை சராசரிக்குக் கீழே உள்ளது. வீட்டில் செய்து பார்க்கும்போது ஒருவர் அருகில் நிற்பது கட்டாயம். கைகளை ஊன்றாமல் ஒரு முறைகூட எழ இயலாதவர் வருந்த வேண்டியதில்லை. இயன்முறை மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில் கைப்பிடியைப் பற்றியபடியே தொடங்கலாம்.

எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு வீடு தேடி வரும் வங்கிச் சேவை உண்டு. வாழ்நாள் சான்றிதழையும் 2014 முதல் ஜீவன் பிரமாண் வழியாக வீட்டிலிருந்தபடியே அளிக்க முடிகிறது. படுக்கையில் இருப்போருக்கும் நடக்க இயலாதோருக்கும் இவை பெரும் வரம், தயங்காமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள். நடந்து வர இயன்ற பெரியவர் கிளைக்கு வர விரும்பினால் மட்டும், குடும்பத்தினர் அவரைத் தடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். மாதத்தின் முதல் வாரத்துக் கூட்டத்தைத் தவிர்த்து, முற்பகலில் வரட்டும். கைப்பிடி உள்ள நாற்காலி தேவையென்றால் நம் ஊழியர்களிடம் சொல்லுங்கள், எடுத்துப் போடுவார்கள். பெயரை அழைத்த பிறகு அவர் எழுந்து வரும் வரை கவுண்ட்டரில் காத்திருப்பார்கள்.