உங்களுக்குத் தெரியுமா? ராயபுரத்துக்குத் தெற்கே உறைபனி!

வெயிலில் வேகும் சென்னை ராயபுரத்தைவிட, குளிரில் நடுங்கும் ஊட்டிதான் பூமத்திய ரேகைக்குப் பக்கம்! ஏறக்குறைய 190 கி.மீ. தெற்கே இருந்தும், அங்குள்ள அரசு தாவரவியல் பூங்காவில் வட நாட்டுத் தோட்டங்களைப் போல உறைபனியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

● காரணம் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். ராயபுரம் கடல்மட்டத்தில், பூங்காவோ 2,200 மீட்டருக்கும் மேலே, தொட்டபெட்டா சரிவில்.

● மேகமில்லாத டிசம்பர், ஜனவரி இரவுகளில் நிலத்தின் சூடு வானுக்குப் போய்விட, உறைபனி படியும். அதனால் மலர் நாற்றுகளை மிலார் என்னும் செடிகளால் மூடிவைக்கிறார்கள். விடிந்ததும் புல்வெளிக்குத் தண்ணீர் தெளிக்கிறார்கள். பனி கரைந்துவிட்டால் புல் கருகாது.

● 22 ஹெக்டேர் பூங்காவில் சுமார் ஆயிரம் வகைத் தாவரங்கள். சிலி நாட்டின் 'குரங்குப் புதிர்' மரமும் மத்தியதரைக்கடல் பகுதியின் கார்க் மரமும் உண்டு. சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையான கல்மரத் துண்டு ஒன்றும் இருக்கிறது.

● தொடக்கத்தில் இது காய்கறித் தோட்டம். 1840-களில் ஊட்டிவாழ் ஐரோப்பியர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா கட்டி, மலிவாகக் காய்கறி வாங்க அமைத்தது. 1848-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த மெக்ஐவர் அதைத் தாவரவியல் பூங்காவாக்கினார்.

● மே மாத மலர்க் கண்காட்சிக்கான வேலை பனிக்காலத்திலேயே, நாற்றுவிடுவதோடு தொடங்கிவிடுகிறது.