காட்சிப் பொம்மைகளும் சூரிய ஒளியும்

உங்கள் வீட்டு வரவேற்பறையிலே, கண்ணாடி அலுமாரிக்குள் பல ஆண்டுகளாக வீற்றிருக்கும் வர்ணப் பொம்மையொன்றை எடுத்து மெல்லத் திருப்பிப் பாருங்கள். பீடத்தின் அடியிலோ, முதுகுப்புறத்து மடிப்பிலோ, வெளிச்சம் படாத ஓரிடத்தில் நல்ல சிவப்பும் நல்ல நீலமும் இன்னும் இருக்கக் காண்பீர்கள். முன்புறத்திலோ அதே சிவப்பு வெளிறியிருக்கும்; நீலம் சாம்பல் பூத்திருக்கும். அப்பொம்மையை எவரும் கழுவவில்லை, கீழே போடவுமில்லை. யன்னல் வழியாக நாள்தோறும் வந்துபோன வெயில் செய்த வேலை அது.

தூசியைத் துடைக்கலாம், ஒடிந்த கையை ஒட்டலாம். ஆனால் ஒளியால் அழிந்த நிறத்தை மீட்க வழியில்லை. புதிதாக வர்ணம் தீட்டினால், பாட்டனார் வாங்கிவந்த பொம்மை போய், அதே உருவத்தில் வேறொரு பொம்மையே எஞ்சும். ஆகவே, கெடுமுன் காப்பதொன்றே செய்யத்தக்கது.

ஒளி ஒருவகைச் சக்தி. நிறப்பொருள் அதனை உறிஞ்சும்போது, அந்நிறத்துக்குக் காரணமான மூலக்கூறுகளின் பிணைப்புகள் குலைகின்றன. காற்றும் ஈரமும் இதற்குத் துணை நிற்கின்றன. ரசல், ஏப்னி என்னும் இரு ஆங்கில அறிஞர்கள் நீர்வர்ணங்களை நீண்டகாலம் வெயிலில் வைத்துச் சோதித்து, 1888ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். ஈரக் காற்றில் இருந்த வர்ணங்கள் பல மங்கின; காற்று நீக்கிய குழாய்களுள் இருந்தவற்றுட் பெரும்பாலானவை மாறாதிருந்தன. மஞ்சள் தோய்த்த துணியை நிழலில் உலர்த்தும் நம் வீட்டுப் பெண்களும் வெயிலின் இயல்பை நன்கறிந்தவர்களே.

எல்லாப் பொருள்களும் ஒளிக்கு ஒரே அளவில் அஞ்சவேண்டியனவல்ல. கல்லும் வெண்கலமும், சூளையில் நிறத்தோடு சுட்டெடுத்த பீங்கானும் வெளிச்சத்தால் கெடா. காவிக்கல்லின் செம்மையும் நிலைத்து நிற்கும். சுட்ட பின்னர் மேலே வர்ணம் பூசிய மண் பொம்மைகள், வர்ண மர முகமூடிகள், துணியுடுத்த பாவைகள் ஆகியனவே பெரிதும் கெடுவன. செடிகொடிகளிலிருந்து எடுத்த சாயங்கள் விரைவில் வெளிறும். பழைய ஓவியர் கையாண்ட அரிதாரம் மஞ்சள் நீங்கி வெளுக்கும். சாதிலிங்கமோ வெளுக்காது கறுக்கும். இக்காலத்துச் சேகரிப்பாளர் விரும்பி வாங்கும் பிளாஸ்ரிக் உருவங்களும் தப்புவதில்லை. வெள்ளை மஞ்சளாகும், நாட்பட நொறுங்குந்தன்மை பெறும். வெயில் விழும் கண்ணாடி அலுமாரியினுள் வெப்பமும் சேர்வதால், மென்மையான உருவங்கள் கால் தளர்ந்து ஒருபுறம் சாய்வதுமுண்டு.

"எங்கள் அலுமாரிக்குத்தான் கண்ணாடி இருக்கிறதே!" என்று சிலர் கூறுவர். சாதாரணக் கண்ணாடி, ஊதாக் கடந்த கதிர்களிற் குறுகிய அலைநீளமுள்ளவற்றையே தடுக்கும். ஏனையவற்றுட் பெரும்பகுதி உள்ளே புகும். அவற்றையும் தடுக்கும் படலங்கள் உள; இரு கண்ணாடித் தகடுகளை இடையே ஒரு பிளாஸ்ரிக் படலம் வைத்து இணைத்த கண்ணாடியும் அவ்வேலையை நன்கு செய்யும். ஆயினும், கண்ணுக்குத் தெரியும் ஒளியே நிறத்தை மங்கச் செய்ய வல்லது. ஆதலால் படலம் ஒட்டியதோடு கவலை தீர்ந்ததென்று எண்ணலாகாது.

அளவைக் கவனிப்போம். எளிதில் மங்கும் பொருள்களுக்கு 50 லக்ஸ் வெளிச்சமே போதுமென்பது நூதனசாலைகளின் வழக்கம். உச்சி வெயிலோ ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். அவ்வெயிலில் ஒரு மணி நேரம் இருந்த பொம்மை, நூதனசாலையில் 2,000 மணி நேரம், அதாவது நாளொன்றுக்கு எட்டு மணியாக 250 நாள்கள், பெறும் ஒளியைப் பெற்றுவிடுகிறது. மெல்லிய ஒளியும் நெடுங்காலம் பட்டால் அதே கேட்டையே செய்யும். ஒளியின் அளவும் அது படும் காலமும் சேர்ந்தே கணக்காகும்.

எனவே முதலிற் கவனிக்கவேண்டியது இடம். கிழக்கு, மேற்கு யன்னல்களுக்கு எதிரே அலுமாரி வைத்தல் தகாது. காலை மாலைச் சாய்வெயில் தாழ்வாரத்துக்குக் கீழாக நுழைந்துவிடும். வடக்கு யன்னலில் வெயில் வாராதென்று ஐரோப்பிய நூல்கள் கூறுவது அந்நாடுகளுக்கே பொருந்தும். நம் இலங்கையில் ஏப்பிரல் முதல் ஓகத்து முடியும்வரை சூரியன் வடபாற் சாய்ந்து செல்வதால், வடக்கு யன்னலிலும் வெயில் விழும். யன்னலில்லாத உட்சுவரே சிறந்தது. அஃதியலாவிடின் தடித்த திரையிடுக. விளக்கை அலுமாரிக்கு வெளியே வைத்து, பார்ப்போர் உள்ளபோது மாத்திரம் ஏற்றுக. வைத்த இடம் தக்கதோ என்று ஐயுற்றால், வர்ணக் கடதாசித் துண்டொன்றின் பாதியைத் தடித்த அட்டையால் மூடிப் பொம்மையருகே வைத்துச் சில மாதங்களின் பின் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றிலும் மேலான வழி நம்மிடமே உண்டு. கொலுப் பொம்மைகள் நவராத்திரியின் ஒன்பது நாள்களே படியேறுகின்றன. பின்னர் துணியிற் சுற்றப்பெற்றுப் பெட்டிக்குள் உறங்குகின்றன. ஆண்டில் ஒன்பது நாளென்பது ஏறக்குறைய நாற்பதிலொரு பங்கு. நாற்பது ஆண்டுகள் கொலுவிருந்த பொம்மை பெற்ற ஒளியை, அதே இடத்தில் நிரந்தரமாக வைத்த பொம்மை ஓராண்டிற் பெற்றுவிடும். யப்பானில் நாரா நகரத்துத் தோடாய்ஜி ஆலயத்திலே, எட்டாம் நூற்றாண்டிற் செய்த வர்ண மண் சிலையொன்று உண்டு. வச்சிராயுதம் ஏந்திய அக்காவல் தெய்வத்தை ஆண்டுக்கு ஒருமுறை, டிசெம்பர் 16ஆம் நாளிலேயே பொதுமக்களுக்குத் திறந்து காட்டுவர். ஆயிரத்திருநூறு ஆண்டுகள் கடந்தும் அதன் மேனியில் வர்ணமும் பொன்னும் இன்னும் விளங்குகின்றன.

நாமும் இவ்வழக்கத்தை ஆண்டு முழுவதற்கும் விரித்துக்கொள்ளலாம். உள்ளவற்றுள் மூன்றிலொரு பங்கை மாத்திரம் வெளியே வைத்து, நான்கு மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள். உள்ளே வைப்பவற்றை ஈரமும் கறையானும் அணுகாத பெட்டியிலே துணி சுற்றி வையுங்கள். பிளாஸ்ரிக் உருவங்களை மாத்திரம் இறுகச் சுற்றாது, காற்றோட்டமாக வையுங்கள். அவ்வாறு செய்தால், நீங்கள் கண்ட அதே முகத்தை, அதே நிறத்தோடு, உங்கள் பேரப்பிள்ளைகளும் காண்பார்கள்.